மஞ்சப்பையில் என்ன இருக்கிறது? மேடை ரகசியத்தை உடைக்க மூன்று வழிகள்

கையில் 75 நிமிட நாடகம் ஒன்று இருக்கிறது. கதை சின்னது. ஊரில் பழைய ஓட்டு வீடு, அம்மா பெயரில். "பட்டா மாத்தணும், நீ எங்க அலையப் போற" என்று சொல்லி மூத்த மகன் சேகர் அம்மாவிடம் பவர் எழுதி வாங்குகிறான். அந்தப் பவரை வைத்து வீட்டை விற்றும் விட்டான். தை பிறந்து பத்து நாளில் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அம்மாவோ பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். தங்கை வசந்தி பிள்ளைகளோடு வந்து இறங்குகிறாள். போகிக்கு முந்தின சாயங்காலம் தொடங்கிப் பொங்கல் காலையில் நாடகம் முடிகிறது.

கதையைப் பற்றி எங்கள் குழுவில் சண்டையே இல்லை. இரண்டு வாரமாக மல்லுக்கட்டுவதெல்லாம் ஒரே கேள்வியோடுதான்: வீடு விற்றாகிவிட்டது என்பதைப் பார்க்க வந்தவர்களுக்கு எப்போது சொல்வது? கடைசியில் போட்டு உடைக்கலாம். முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களுக்கு மட்டும் தெரியப்படுத்திவிட்டு, அம்மாவை ஒன்றும் தெரியாமல் நடமாட விடலாம். இல்லையென்றால் தெருக்கூத்தில் கதை சொல்லிக் கலகலப்பாக்கும் கட்டியக்காரன் மாதிரி ஒருவனை நிறுத்தி, நடந்ததையும் நடக்கப்போவதையும் அவன் வாயாலேயே அறிவித்துவிடலாம். மூன்றுக்கும் குழுவில் ஆள் இருக்கிறது. செட், விளக்கு, வசனம், யார் எந்த வேடம் என்பது வரை இந்த ஒரு முடிவைப் பொறுத்தே மாறும். சரி, மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் எழுதிப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

அதற்கு முன் எங்கள் அரங்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அரங்கம் என்பது மரியாதைக்கு. உண்மையில் அது ஒரு கல்யாண மண்டபம். 200 பிளாஸ்டிக் நாற்காலி. ஏழு மணி என்று போட்டால் ஏழே காலுக்குத்தான் பாதி நிரம்பும். குழந்தைகள் வரும், தூங்கும், எழுந்து அழும். மேடைக்கு மேலே மூன்று மைக் தொங்கும். வருபவர்களில் பெரும்பாலோர் போன வருடமும் வந்தவர்கள். புத்தகத்தில் ஒரு உத்தி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த மண்டபத்தில் அது நிற்குமா என்பதுதான் எனக்குக் கணக்கு.

முதல் வழி, கடைசிவரை மூடி வைப்பது. இந்த ஆசை பழையது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மூன்று வகைத் திரை வருகிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. மூன்றாவதின் பெயரிலேயே ஒளிவு இருக்கிறது. மறைத்துவைத்த ஒன்று சட்டென்று கண்ணில் படும்போது கூட்டம் மொத்தமாக மூச்சை இழுக்கும் பாருங்கள், அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்ட எழுத்தாளன் மறுபடி மறுபடி அதையே தேடுவான். நானும் தேடியிருக்கிறேன்.

இந்த வழியில் உலக சாதனை லண்டனில் இருக்கிறது. அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' 1952-ல் மேடையேறியது. 2020-ல் கொரோனாவுக்காக நிறுத்தி அடுத்த வருடம் மறுபடி தொடங்கினார்கள்; அதைத் தவிர இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. நாடகம் முடிந்ததும் மேடையிலிருந்தே ஒரு வேண்டுகோள் வரும்: கொலையாளி யாரென்று வெளியில் சொல்லாதீர்கள். அங்கே அது நடக்கிறது. ஏனென்றால் லண்டனுக்கு வரும் சுற்றுலாக்காரர்களால் தினமும் புது ஆட்கள் உட்காருகிறார்கள். எங்கள் மண்டபத்தில் முதல் நாள் பார்த்தவர் வீட்டுக்குப் போகும் வழியிலேயே வாட்ஸாப்பில் போட்டுவிடுவார். இரண்டாம் நாள் வருபவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இப்ப பாரு, வீட்ட வித்துருப்பான்" என்பார்.

அதைவிடப் பெரிய செலவு எழுதும்போதுதான் தெரிந்தது. மறைத்து வைக்க வேண்டுமென்றால் சேகரை மேடையில் தனியாக விட முடியாது. குற்றம் செய்தவன் தனியாக இருக்கும்போது முகத்தில் அது வந்துதான் தீரும். வரவில்லை என்றால் நாங்கள் பார்ப்பவர்களை ஏமாற்றுகிறோம் என்று அர்த்தம். அதனால் அவனைச் சுற்றி எப்போதும் யாரையாவது நிற்க வைக்க வேண்டியிருந்தது. கதையில் நல்ல நடிப்புக்கு இடமுள்ள ஒரே ஆம்பளை வேடம் அவன்தான்; அவனைப் பூட்டி வைத்தாகிவிட்டது. மிச்சமுள்ள 65 நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? பக்கத்து வீட்டு மாமா ஜோக், வசந்தியின் புருஷனைப் பற்றிய கிண்டல், பிள்ளைகளின் செல்போன் சண்டை. நானே எழுதியதைப் படித்துப் பார்த்தால், ரயிலுக்குக் காத்திருக்கும்போது பேசுகிற பேச்சு மாதிரி இருந்தது.

நடுநடுவே அவனுக்கு ஒரு போன் வரும். "ம்... சரி... அப்புறம் பேசறேன்" என்று வைப்பான். ஏதோ இருக்கிறது என்று சனத்துக்குத் தெரிந்துவிடும், என்னவென்று தெரியாது. பாதி தெரிந்த நிலையில் ஒருவன் கதையைப் பார்ப்பதில்லை, விடையை யோசித்துக்கொண்டிருக்கிறான். அம்மா சொல்லும் எதுவும் அவன் காதில் ஏறாது.

எனக்கு இதில் சொந்த அடியும் உண்டு. சில வருடங்களுக்கு முன் இப்படி எல்லாவற்றையும் ஒரே வசனத்தில் தொங்கவிட்டு ஒரு நாடகம் போட்டோம். அந்த வசனம் வருகிற நேரத்தில் நடுமைக் இறந்துவிட்டது. முன் மூன்று வரிசை "ஐயோ" என்றது. பின்னால் இருந்தவர்கள், "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரை விழுந்துவிட்டது. ஒரு மைக்கை நம்பி ஒரு மணி நேரத்தைக் கட்டிவைக்கக் கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆனாலும் இந்த வழியை அடியோடு தள்ளிவிட மாட்டேன். ஒரே ஒருமுறை மேடையேறும் போட்டி நாடகம், அமைதியான அரங்கு, 20 அல்லது 30 நிமிடம் என்றால் இதைவிடக் கச்சிதமானது இல்லை. அரை மணி நேரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஒரு ரகசியத்தைச் சுமக்கலாம்.

மூன்றாவது வழியை இப்போதே பார்த்துவிடுகிறேன், இரண்டாவதில் கொஞ்சம் நேரம் ஆகும். கட்டியக்காரனை நிறுத்துவது. தெருக்கூத்தில் கதை என்ன ஆகும் என்ற கேள்வியே கிடையாது. துகிலுரிதல் ஆடும் இரவில் திரௌபதிக்குச் சேலை வளரும் என்று தெரியாத ஒருவர்கூட அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அப்படியும் விடிய விடிய இருக்கிறார்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, பின்னாலிருந்து பாட்டும் சலங்கைச் சத்தமும் வர, கட்டியக்காரன் முன்னால் நின்று "நீங்க யாரு, எந்த ஊரு ராஜா?" என்று வம்புக்கு இழுக்கிறான். வரப்போவது துரியோதனன் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி வரப்போகிறான் என்பதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை, தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பாடம் கேட்கப் போனது சும்மா இல்லை.

ஜெர்மன்காரர் பிரெக்ட்டும் இதே கதவைத்தான் வேறு பக்கத்திலிருந்து திறந்தார். அவருடைய 'மதர் கரேஜ்' 1941-ல் ஜூரிச்சில் முதலில் மேடையேறியது. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒரு தலைப்பு, நடக்கப்போவதைச் சொல்லிவிடும். மூன்றாம் காட்சியின் தலைப்பிலேயே, போர்க்களத்தில் வண்டியில் சரக்கு விற்றுப் பிழைக்கும் அந்தத் தாயின் நேர்மையான மகன் சாகிறான் என்று வந்துவிடுகிறது. அப்புறம் காட்சியில் என்ன நடக்கிறது? மகனை மீட்க லஞ்சம் கொடுக்க வேண்டும். தன் வண்டி கையைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அந்தத் தாய் தொகையைக் குறைக்கப் பேரம் பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். அவன் சாகத்தான் போகிறான் என்று தெரிந்துகொண்டு அந்தப் பேரத்தைக் கேட்பது பெரிய வேதனை. தெரியாமல் கேட்டிருந்தால் அது வெறும் சந்தைப் பேச்சு.

எங்கள் மண்டபத்துக்கு இந்த வழியில் நிறைய லாபம் இருக்கிறது. ஏழே காலுக்கு வருபவருக்குக் கட்டியக்காரன் இரண்டு வரியில் கதையைச் சொல்லிவிடுவான். குழந்தை அழுதால் "பாப்பாவுக்கும் வீட்ட விக்கிறது புடிக்கல போல" என்று சமாளிப்பான். மைக் போனால் இறங்கி வந்து கத்துவான். செட்டே வேண்டாம்.

இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, கட்டியக்காரனுக்கு ஆள் வேண்டும். பாட வேண்டும், சட்டென்று பதில் சொல்ல வேண்டும், சிரிக்க வைத்துவிட்டு உடனே ஒதுங்கவும் தெரிய வேண்டும். எங்களிடம் இருக்கும் ஒரே அப்படிப்பட்ட ஆளுக்கு ஜனவரியில் ஆடிட் வேலை. இரண்டு, அது என்னையே சோம்பேறியாக்கியது. காட்சியில் வர வேண்டியதையெல்லாம் அவன் வாயில் போட்டுக்கொண்டே போனேன். "இந்தத் தாய் முப்பது வருடம் இந்தத் திண்ணையில்தான்..." என்று அவன் ஆரம்பித்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. தெருமுனையில் திறந்தவெளியில் போடுவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இந்த வழி. நான்கு சுவருக்குள், அம்மா புளி உருண்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பதைக் காட்ட வேண்டிய இந்தக் கதைக்கு, நடுவில் ஒருவன் நிற்பது அதிகப்படி.

மிச்சம் இரண்டாவது வழி: பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடு, பாத்திரத்துக்குச் சொல்லாதே.

இதில் எனக்கு வாத்தியார் காளிதாசன். மகாபாரதத்து துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கவே இல்லை. சபையில் அவளைத் தெரியாது என்று பொய் சொல்கிறான். அந்தக் கதையை எடுத்த காளிதாசன், ராஜா அவளை மறந்துபோவான் என்ற துர்வாசர் சாபத்தைச் சேர்த்தார். ராஜாவைக் காப்பாற்றத்தான் சேர்த்தார் என்று சொல்வதுண்டு, இருக்கலாம். எனக்கு அதைவிட அவர் அதை வைத்த இடம்தான் முக்கியம். நான்காம் அங்கத்தில் சாபம் மேடைக்கு வெளியிலிருந்து குரலாக வருகிறது. ராஜா நினைப்பில் இருக்கும் சகுந்தலைக்கு அது கேட்கவில்லை. தோழிகள் இருவருக்குக் கேட்கிறது. அவளிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். அதன் பிறகு அவள் புகுந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். மானும் கொடியும் அழுகிற அந்தப் பிரிவுக் காட்சி எல்லோருக்கும் தெரியும். சாபத்தைக் கேட்டுவிட்டு அதைப் பார்க்கிறவர்களுக்கு அது கல்யாணப் பெண்ணை வழியனுப்பும் காட்சியாகவா இருக்கும்?

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கவனிக்க எனக்கே பல வருடம் ஆனது. சாபத்தைச் சொன்ன காளிதாசன் மோதிரம் தொலைந்ததைச் சொல்லவில்லை. அடையாளத்தைக் காட்டினால் சாபம் விலகும் என்று நமக்குத் தெரியும், மோதிரம் அவள் விரலில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நாமும் அவளோடு சபைக்குப் போகிறோம். அவள் விரலைப் பார்க்கும்போதுதான் நமக்கும் தெரிகிறது. பெரிய ரகசியத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, சின்ன ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

நார்வேக்காரர் இப்சன் 1879-ல் 'பொம்மை வீடு' எழுதியபோது அதையேதான் செய்தார். நோரா அப்பாவின் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்கியது நமக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொடுக்கும் கடிதம் வீட்டுத் தபால் பெட்டியில் விழுவதும் தெரியும். பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி கணவனிடம். அவன் பெட்டியைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் அவள் தடுக்க வேண்டும். நாளைக்கு விருந்தில் ஆட வேண்டிய நடனத்தை மறந்துவிட்டேன், சொல்லிக் கொடு என்று கெஞ்சி, வெறி பிடித்தவள் மாதிரி ஆடுகிறாள். ஆட்டம் முடிந்து தனியாக நிற்கும்போது மணியைப் பார்த்து எண்ணுகிறாள்: இன்னும் 31 மணி நேரம். கடைசி அங்கத்தில் கணவன் பெட்டியைத் திறக்கப் போனால் பூட்டில் உடைந்த கொண்டை ஊசி. உன்னுடையதுதானே என்கிறான். பிள்ளைகளாக இருக்கும் என்கிறாள். அந்த ஊசி ஒரு வசனத்துக்குச் சமம் இல்லை, ஒரு காட்சிக்குச் சமம். நாம் பார்க்காத நேரத்தில் அவள் அந்தப் பெட்டியோடு போராடியிருக்கிறாள்.

கடிதத்தை ஒளிக்காத இப்சன் ஒளித்தது நோராவின் முடிவை. கடிதம் படிக்கப்பட்டு, ஆபத்தும் நீங்கி, கணவன் மன்னித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ஜெர்மனியில் 1880-ல் அந்த வேடம் கட்டிய நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகிறவளாக நடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வேறு யாராவது மாற்றி எழுதிவிடுவார்களோ என்று இப்சனே வேறொரு முடிவை எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று திட்டிக்கொண்டே. கடிதத்தை மறைத்திருக்கக் கூடாதா என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஊரிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பாலச்சந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' மேடையிலிருந்து 1966-ல் சினிமாவுக்குப் போனது. கண் தெரியாத ஓய்வுபெற்ற மேஜர் ஒரு கொலைகாரனுக்கு அடைக்கலம் கொடுக்கிறார். செத்தது தன் மகன்தான் என்று அவருக்குத் தெரியாது. பார்ப்பவனுக்குக் கண் இருக்கிறது, அவருக்கு இல்லை. உத்தியை இதைவிடப் பச்சையாக ஒரு பாத்திரத்தின் உடம்பிலேயே வைக்க முடியாது. அந்த வேடம் கட்டிய சுந்தரராஜனுக்குக் கடைசிவரை பெயருக்கு முன்னால் மேஜர் ஒட்டிக்கொண்டது. கொல்லப்படும் மகன் பெயர் ரஜினிகாந்த். பின்னால் சிவாஜி ராவுக்கு பாலச்சந்தர் எடுத்துக் கொடுத்தது அந்தப் பெயரைத்தான்.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. முதல் பத்து நிமிடத்தைத் தவறவிட்டவருக்கு நாடகமே போச்சு. எனவே ஒருமுறை சொன்னால் போதாது, சொன்னதை மேடையிலேயே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட்டுவைக்க வேண்டும். இப்சனுக்குத் தபால் பெட்டி. எனக்கு என்ன?

மஞ்சப்பை. வீட்டுப் பத்திரம் என்றால் நம் வீடுகளில் மஞ்சப்பைதான், விளக்கமே வேண்டாம். முதல் காட்சியிலேயே சேகர் வருகிறான், தனியாக இருக்கிறான் (அவனைத் தனியாக விட முடிகிறது, அதுவே பெரிய நிம்மதி). புரோக்கரிடம் போனில் நான்கு வாக்கியம் பேசுகிறான், ஒளிவு மறைவு இல்லாமல். பையை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்க்கிறான். சாமி படத்துக்குப் பின்னால் செருகுகிறான், கைப்பிடி ஒன்று வெளியே தொங்குகிறது. அம்மா உள்ளே வருகிறாள்.

நாளைக்குப் போகி. பழசையெல்லாம் எடுத்து எரிக்கிற நாள். அம்மா ஒட்டடைக்கோலோடு ஒவ்வொரு மூலையாகச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். இனி நான் ஜோக் எழுத வேண்டியதில்லை. பழைய முறத்தை எறியலாமா வேண்டாமா என்று அம்மாவும் வசந்தியும் ஐந்து நிமிடம் பேசினாலும் சனம் உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் கோல் சாமி படத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. தாமதமாக வந்தவர் "என்ன அது பை?" என்று பக்கத்தில் கேட்பார், பக்கத்தில் இருப்பவர் ஆசையாகச் சொல்வார். மைக் போனால்கூடப் பை தெரியும்.

மறைத்து வைக்க ஒன்று வேண்டுமே? குழுவில் ஒருவர் சொன்னார்: "அம்மாவுக்கு முதல்லேர்ந்தே தெரியும்னு கடைசில வச்சிடுங்க சார், கைதட்டல் பிச்சுக்கும்." பிச்சுக்கும்தான். ஆனால் அது முதல் வழியே வேறு வேஷத்தில் வருவது. 75 நிமிடம் அம்மாவுக்காகப் பயந்தவர்களிடம், நீங்கள் பயந்தது வீண் என்று சொல்வது. நான் மறைத்துவைத்திருப்பது, பை கையில் கிடைத்த பிறகு அம்மா என்ன செய்கிறாள் என்பதை மட்டும். போகி நெருப்பு வாசலில் எரிந்துகொண்டிருக்கிறது, அவள் கையில் பை இருக்கிறது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், பிப்ரவரியில் மறுபடி போட இருக்கிறோம்.

செலவு என்று பார்த்தால் ஒரு சாமி படம், ஒரு பை. நவாப் ராஜமாணிக்கம் காலத்திலிருந்து ஆர். எஸ். மனோகர் வரை தந்திரக் காட்சிகளாலும் பிரம்மாண்ட செட்டாலும் கூட்டத்தைக் கட்டிப்போட்ட வழியும் ஒன்று உண்டு. அதற்கு எங்களிடம் லாரி இல்லை.

விளக்கில்தான் ஒரு தகராறு மிச்சம் இருந்தது. அரங்கேற்று காதையில் தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்று வரும். எங்கள் மண்டபத்தில் தூணுக்குக் குறைவில்லை. முதல் ஒத்திகையில் சாமி படத்தை இடது ஓரத்தில் மாட்டினோம், கடைசி வரிசையிலிருந்து பையே தெரியவில்லை. பின் சுவரின் நடுவுக்கு மாற்றி, மேலே ஒரு பல்பு போட்டோம், சாமிக்குப் போட்ட மாதிரி. இப்போது தெரிகிறது. அம்மாவாக நடிப்பவர் கேட்டார்: "நான் ஒருதடவையாவது பை பக்கம் பார்க்கலாமா, சார்?" பார்க்காதீங்கம்மா, என்றேன். சாமான் இறக்கிவிட்டு வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், ஒட்டடைக்கோல் மூன்றாவது முறை படத்துப் பக்கம் போனபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இரண்டு எட்டு வந்தார்.